தண்ணீரைப் பார்த்து வடிகட்டி வாங்குங்கள்!

சொட்டுநீர்க் குழாயில் டிரிப்பர் என்று ஒன்று இருக்கிறது. தண்ணீர் சொட்டும் இடம் அதுதான். அதற்குள் தண்ணீர் வரும் வழி மிகச் சிறியது. பெரும்பாலும் 1 மில்லி மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். குண்டூசி நுழையும் அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஊசி வழியாகத்தான் ஒரு வாழை தண்ணீர் குடிக்கிறது. ஒரு தென்னை தண்ணீர் குடிக்கிறது.

அந்த வழியில் மணல் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்?

சொட்டு நின்றுவிடும். பயிர் வாடும்.

வாடுவது உடனே கண்ணில் படாது. அங்கேதான் ஆபத்து. வாய்க்கால் உடைத்துக்கொண்டால் தூரத்திலேயே தெரியும். ஓடிப் போய் மண் அணைக்கலாம். டிரிப்பர் அடைத்துக்கொண்டால் எதுவும் தெரியாது. மோட்டார் ஓடும். குழாயில் தண்ணீர் போகும். எல்லாம் நன்றாக நடப்பது போலவே இருக்கும். சில நாள் கழித்து, கடைசி வரிசையில் இலை மஞ்சள் அடிக்கும். அப்போதுதான் மனம் திடுக்கிடும்.

இப்படி இரண்டு போகம் கஷ்டப்பட்ட விவசாயி என்ன செய்கிறார்? குழாயைச் சுருட்டி மோட்டார் கொட்டகையில் போடுகிறார். "சொட்டுநீர் நம்ம காட்டுக்கு ஒத்து வராது" என்கிறார். பழையபடி வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சுகிறார். கிணற்றுத் தண்ணீர் இன்னும் கீழே போகிறது.

பழி சொட்டுநீர் மீது விழுகிறது. ஆனால் பல தோட்டங்களில் உண்மையான குற்றவாளி வேறு. தண்ணீருக்குப் பொருந்தாத வடிகட்டி! அல்லது, பொருத்தமான வடிகட்டி இருந்தும் அதைக் கழுவாமல் விட்டது!

வடிகட்டியைத் தோட்டங்களில் 'பில்டர்' என்றே சொல்கிறார்கள். அதில் பல வகை உண்டு. எந்தத் தண்ணீருக்கு எது?

ஒரு மரத்தின் கதை

சொட்டுநீர்ப் பாசனம் பிறந்த கதையிலேயே இந்த அடைப்புத் தொல்லை இருக்கிறது.

சிம்கா பிளாஸ் என்று ஒரு நீர்ப்பாசன எஞ்சினீயர். போலந்தில் பிறந்தவர். பாலஸ்தீனத்தில் குடியேறியவர். அப்போது இஸ்ரேல் நாடு உருவாகவில்லை.

1930-களில் ஒரு நாள், ஒரு விவசாயி அவரிடம் ஒரு மரத்தைக் காட்டினார். சுற்றிலும் இருந்த மரங்களைவிட அது பெரிதாக வளர்ந்திருந்தது. அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. பிளாஸ் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். பூமிக்குள் போன குழாய் ஒன்று கசிந்துகொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாக விழுந்த அந்தத் தண்ணீர், மரத்தின் வேரை நனைத்துக்கொண்டிருந்தது.

சொட்டுத் தண்ணீரிலேயே ஒரு மரம் செழிக்கும் என்று அவர் கண்டுகொண்டார்.

ஆனால் அதைக் காட்டில் செய்து பார்ப்பது எளிதாக இல்லை. குழாயில் சின்ன ஓட்டை போட்டால், தூசி வந்து அடைத்துக்கொள்ளும். பெரிய ஓட்டை போட்டால், தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்.

பிளாஸ் ஒரு வழி கண்டார். ஓட்டையைச் சிறிதாக்கவில்லை. வழியை நீளமாக்கினார். பிளாஸ்டிக்கில் நீளமான, வளைந்த பாதை அமைத்தார். தண்ணீர் அதில் சுற்றிச் சுற்றி வரும்போது வேகம் குறைந்துவிடும். வெளியே வரும்போது சொட்டாக விழும். பாதை அகலமாக இருப்பதால் அடைப்பும் குறையும்.

1965-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், ஹட்செரிம் என்ற கூட்டுப் பண்ணையில், 'நெட்டாபிம்' என்ற நிறுவனம் தொடங்கியது. பிளாஸ் கண்டுபிடித்த டிரிப்பரை அது செய்து விற்றது. பிறகு சொட்டுநீர் உலகம் முழுவதும் பரவியது.

இன்றைய டிரிப்பர்களிலும் அந்த வளைந்த பாதை இருக்கிறது. அடைப்பு குறைந்ததே தவிர, ஒழியவில்லை. அதைத் தடுக்கத்தான் வடிகட்டி.

தெளிந்த தண்ணீரிலும் மண்!

"எங்கள் கிணற்றுத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். அதற்கு எதற்கு வடிகட்டி?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1 லிட்டர் தண்ணீரில் 50 மில்லி கிராம் தூசி மிதந்தால், அது சொட்டுநீருக்கு அவ்வளவு கெட்ட தண்ணீர் அல்ல. 50 மில்லி கிராம் என்பது ஒரு சிட்டிகை கூட இல்லை.

ஆனால் ஒரு ஏக்கருக்கு மணிக்கு 18,000 லிட்டர் தண்ணீர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மணி நேரத்தில் 90,000 லிட்டர். அதில் வரும் தூசி எவ்வளவு?

நாலரைக் கிலோ!

ஒரே நாளில் நாலரைக் கிலோ மண் குழாய்க்குள் போகிறது. தூசி 100 மில்லி கிராமாக இருந்தால், 9 கிலோ போகும். 100-ஐத் தாண்டினால் அடைப்பு ஆபத்து மிக அதிகம் என்பது நிபுணர்கள் வகுத்த அளவு.

பாட்டில் சோதனை

வடிகட்டி வாங்கும் முன் உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். அதற்கு முதல் சோதனையை வீட்டிலேயே செய்யலாம்.

நிறமில்லாத கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுங்கள். மோட்டார் போட்டவுடன் வரும் தண்ணீரை அதில் பிடியுங்கள். அரை மணி நேரம் ஓடிய பிறகு இன்னொரு பாட்டிலில் பிடியுங்கள். இரண்டையும் அசையாமல் வையுங்கள்.

அரை நிமிடத்துக்குள் அடியில் ஏதாவது படிந்தால், அது மணல்.

ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்து மெல்லிய படலமாகப் படிந்தால், அது வண்டல்.

மறுநாள் காலையிலும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தால், அது களிமண். களிமண் துகள் அவ்வளவு சிறியது. அது எளிதில் படியாது.

பச்சையாக நூல் நூலாக மிதந்தால், அது பாசி.

பிடிக்கும்போது தெளிவாக இருந்து, பிறகு செம்மண் நிறமாக மாறினால், தண்ணீரில் இரும்பு கரைந்திருக்கிறது. காற்றுப் பட்டவுடன் அது துருவாக மாறுகிறது.

பாட்டிலில் தெரியாத ஒன்றும் உண்டு. அது சுண்ணாம்பு. வீட்டில் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தைப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுகிறதா? அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு உப்பு அதிகம். அதே பொருக்கு டிரிப்பரிலும் கட்டும்.

இதோடு, தண்ணீரை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது. அங்கே பாசனத் தண்ணீரையும் சோதித்துச் சொல்கிறார்கள்.

நான்கு வகை

சொட்டுநீருக்கு முக்கியமாக 4 வகை வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்யும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

முதலாவது, மணல் பிரிப்பான். இதை 'ஹைட்ரோ சைக்ளோன்' என்கிறார்கள். கூம்பு வடிவத்தில் இருக்கும். உள்ளே வலையும் இல்லை, மணலும் இல்லை. தண்ணீர் பக்கவாட்டில் நுழைந்து, வேகமாகச் சுழலும். திருவிழா ராட்டினம் சுற்றும்போது நம்மை வெளிப்பக்கம் தள்ளுகிறதல்லவா? அதேபோல, கனமான மணல் சுவர்ப் பக்கம் தள்ளப்படும். அப்படியே சறுக்கி அடியில் உள்ள தொட்டியில் விழும். சுத்தமான தண்ணீர் நடு வழியாக மேலே போய்விடும்.

மணல், தண்ணீரைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனம். அதனால்தான் பிரிகிறது. பாசிக்குக் கனம் இல்லை. இலைத் தூளுக்கும் கனம் இல்லை. இவற்றை ஹைட்ரோ சைக்ளோன் பிரிக்காது.

இரண்டாவது, மணல் வடிகட்டி. பெரிய இரும்புத் தொட்டி. உள்ளே நொறுக்கிய கல் மணல் நிரப்பியிருக்கும். தண்ணீர் மேலிருந்து கீழே இறங்கும். அழுக்கு மணலிலே தங்கிவிடும். பாசி, இலைத் தூள், வண்டல் எல்லாவற்றையும் பிடிப்பதில் இதுவே கெட்டிக்காரன். அழுக்கு மேலோடு நிற்பதில்லை. மணலின் ஆழம் முழுவதும் பரவித் தங்குகிறது. ஆகவே நிறைய அழுக்கு கொள்ளும்.

இதற்குள் ஆற்று மணலை அள்ளிப் போடக் கூடாது. ஆற்று மணல் உருண்டையாக இருக்கும். நொறுக்கிய மணலுக்குக் கூரிய முனைகள் உண்டு. அந்த முனைகள்தான் பாசியைப் பிடிக்கின்றன.

மூன்றாவது, வலை வடிகட்டி. 'ஸ்கிரீன் பில்டர்' என்பது இதுதான். வீட்டில் இருக்கும் டீ வடிகட்டியின் அண்ணன் என்று சொல்லலாம். விலை குறைவு. கழுவுவது எளிது. மணலையும் தூசியையும் நிறுத்தும். ஆனால் பாசியிடம் இது தோற்றுவிடும். பாசி வழவழப்பானது. வலையில் அப்பிக்கொண்டு சீக்கிரம் அடைத்துவிடும். பின்னாலிருந்து தண்ணீர் அழுத்தும்போது, வலைக் கண்களின் வழியே பிதுங்கியும் போய்விடும்.

நான்காவது, தட்டு வடிகட்டி. 'டிஸ்க் பில்டர்' என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். சிறு இசைத்தட்டுகளை அடுக்கி வைத்தது போல இருக்கும். ஒவ்வொரு தட்டிலும் கோடு கோடாகப் பள்ளங்கள் இருக்கும். தட்டுகளை இறுக்கி அடுக்கியவுடன் அந்தப் பள்ளங்கள் வலையாகிவிடும். வலை வடிகட்டியைவிட இது அதிக அழுக்கைப் பிடிக்கும். ஓரளவு பாசியையும் தாங்கும். வலை போலக் கிழியாது.

எந்தத் தண்ணீருக்கு எது?

இனி உங்கள் தண்ணீருக்கு வருவோம்.

போர்வெல் தண்ணீரா? மணல் இல்லாமல் தெளிவாக வருகிறதா? ஒரு வலை வடிகட்டி அல்லது ஒரு தட்டு வடிகட்டி போதும். அதற்கு மேல் செலவு வேண்டாம்.

போர்வெல்லில் மணல் அல்லது கல் தூள் வருகிறதா? முதலில் ஹைட்ரோ சைக்ளோன். பிறகு வலை வடிகட்டி. கடலோரத்திலும் ஆற்றுப் படுகையிலும் 'பில்டர் பாயிண்ட்' என்ற ஆழம் குறைந்த குழாய்க் கிணறுகள் இருக்கின்றன. அவற்றில் மணல் வருவது சகஜம். அங்கே இந்த ஜோடி மிகவும் தேவை.

திறந்த கிணறா? வெயில் படுகிறதா? அப்படியானால் பாசி பிடிக்கும். கிணற்று மேட்டில் உள்ள வேம்பும் புங்கனும் இலை உதிர்க்கும். இதற்கு மணல் வடிகட்டியும், அதன் பிறகு வலை அல்லது தட்டு வடிகட்டியும் வேண்டும். பாசி குறைவாக இருந்தால் நல்ல தட்டு வடிகட்டி ஒன்றே சமாளித்துவிடும்.

ஏரி, கால்வாய், ஆறு, பண்ணைக் குட்டை ஆகியவற்றின் தண்ணீரா? மணல் வடிகட்டி இல்லாமல் முடியாது. அதன் பிறகு வலை அல்லது தட்டு வடிகட்டியும் வேண்டும். மணலும் சேர்ந்து வந்தால், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ஹைட்ரோ சைக்ளோன்.

கோவை, திருப்பூர் பக்கம் இன்னொரு பழக்கம் உண்டு. அங்கே போர்வெல்கள் ஆயிரம் அடியையும் தாண்டிப் போகின்றன. ஊறும் தண்ணீர் கொஞ்சம். அதைக் கிணற்றிலோ தொட்டியிலோ விட்டுச் சேர்க்கிறார்கள். பிறகு அங்கிருந்து சொட்டுநீருக்கு எடுக்கிறார்கள். போர்வெல் தண்ணீர்தானே என்று வலை வடிகட்டி மட்டும் வைத்தால் போதாது. வெயில் பட்ட தொட்டியில் சீக்கிரமே பாசி வந்துவிடும். அது இப்போது குளத்துத் தண்ணீர் மாதிரிதான்! தண்ணீர் எங்கே பிறந்தது என்று பார்க்காதீர்கள். கடைசியாக எங்கே நின்றது என்று பாருங்கள்.

தொட்டிக்கு மூடி போட்டாலே பாதித் தொல்லை தீரும். வெளிச்சம் இல்லாத இடத்தில் பாசி வளராது. சொட்டுநீர்க் குழாய்கள் கறுப்பாக இருப்பதற்கும் அது ஒரு காரணம்.

மோட்டாரின் புட் வால்வை எங்கே தொங்கவிடுவது என்பதும் முக்கியம். அடியில் தட்டினால் சேற்றை இழுக்கும். மேலே இருந்தால் மிதக்கும் பாசியை இழுக்கும். இரண்டுக்கும் நடுவே தொங்க வேண்டும்.

நம்பர் கூடினால் ஓட்டை சிறிது

வலையின் அளவை 'மெஷ்' என்று சொல்வார்கள். ஒரு அங்குல நீளத்தில் எத்தனை கண்கள் என்பதுதான் அந்தக் கணக்கு. நம்பர் கூடக் கூட, ஓட்டை சிறியதாகும். இதைப் பலர் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.

சொட்டுநீருக்குப் பெரும்பாலும் 120 மெஷ் பயன்படுகிறது. அதன் ஓட்டை சுமார் 130 மைக்ரான். 1,000 மைக்ரான் சேர்ந்தால் 1 மில்லி மீட்டர். அதாவது, தலைமுடி இரண்டைச் சேர்த்து வைத்த கனம்.

ஊசி நுழையும் டிரிப்பருக்கு, முடி அளவு வலை எதற்கு?

ஒரு மணல் டிரிப்பரை அடைப்பதில்லை. நாலைந்து மணல் ஒரே நேரத்தில் வந்து, ஒன்றோடு ஒன்று தோள் கொடுத்து நின்றுவிடும். குறுகிய கடை வாசலில் ஐந்து பேர் ஒன்றாக நுழைந்தால் எல்லோரும் மாட்டிக்கொள்வது போல! ஆகவே வலையின் ஓட்டை, டிரிப்பர் வழியில் ஏழில் ஒரு பங்கு அல்லது பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

'அப்படியானால் இன்னும் பொடி வலையாக, 200 மெஷ் போட்டுவிடலாமே!' என்று தோன்றும். வேண்டாம். அது அடிக்கடி அடைத்துக்கொள்ளும். நாளுக்கு நான்கு முறை கழுவ வேண்டும் என்றால் யார் கழுவுவார்கள்? கடைசியில் வலையையே கழற்றி வைத்துவிடுவார்கள்.

டிரிப்பர் செய்த நிறுவனம் எத்தனை மெஷ் சொல்லியிருக்கிறதோ, அதைக் கேட்டு வாங்குவதே சரி.

எவ்வளவு பெரிது?

வடிகட்டிக்குக் கொள்ளளவு உண்டு. மணிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் போகும் என்று அதில் எழுதியிருக்கும். 1 கன மீட்டர் என்பது 1,000 லிட்டர்.

உங்கள் தோட்டத்துக்கு எவ்வளவு வேண்டும்? கணக்கு எளிது.

ஒரு ஏக்கரில் குழாய்க்குக் குழாய் 5 அடி இடைவெளி. டிரிப்பருக்கு டிரிப்பர் 2 அடி. அப்படியானால் ஏக்கருக்குச் சுமார் 4,400 டிரிப்பர்கள் வரும். ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் சொட்டினால், மொத்தம் சுமார் 17,500 லிட்டர். அதாவது, ஏறக்குறைய 18 கன மீட்டர்.

ஒரே நேரத்தில் ஒரு ஏக்கர் முழுவதும் பாய்ச்சினால், அதற்கு மேற்பட்ட அளவுள்ள வடிகட்டி வேண்டும். அரை ஏக்கர் அரை ஏக்கராகப் பிரித்துப் பாய்ச்சினால், பாதி அளவு போதும். ஆனால் மோட்டார் அதற்கு மேல் தண்ணீர் தள்ளுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. மணல் வடிகட்டி கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது. தண்ணீர் நிதானமாக இறங்கும். அழுக்கு நன்றாகத் தங்கும். ஹைட்ரோ சைக்ளோனுக்கு இது பொருந்தாது. அது பெரிதாகிவிட்டால் உள்ளே சுழற்சி வேகம் போதாது. மணல் பிரியாமல் தண்ணீரோடு போய்விடும். ஹைட்ரோ சைக்ளோன் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும்.

உரம் எங்கே சேர வேண்டும்?

வரிசையும் முக்கியம். முதலில் ஹைட்ரோ சைக்ளோன். அடுத்து மணல் வடிகட்டி. அதற்குப் பிறகு உரத் தொட்டி அல்லது வெஞ்சுரி. கடைசியில் வலை அல்லது தட்டு வடிகட்டி.

உரத்துக்குப் பிறகு ஒரு வடிகட்டி கட்டாயம் இருக்க வேண்டும். கரையாத உரக் கட்டியை அதுதான் நிறுத்தும். அமிர்தக் கரைசல், பஞ்சகவ்யம் விடுகிறவர்கள் துணியில் இரண்டு முறை வடிகட்டிய பிறகே விட வேண்டும். கால்சியம் உள்ள உரத்தையும், பாஸ்பேட் உள்ள உரத்தையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குழாய்க்குள் சுண்ணாம்புபோலப் படியும். உரம் விட்டு முடித்ததும், வெறும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும்.

இரண்டு முள்ளும் பேசும்

வடிகட்டிக்கு முன்னால் ஒரு அழுத்தமானி. பின்னால் ஒரு அழுத்தமானி. கடிகாரம் போல முள் காட்டும் கருவி இது. இந்த இரண்டு முள்ளும் விவசாயியோடு பேசும்.

வடிகட்டி சுத்தமாக இருக்கும்போது இரண்டும் எவ்வளவு காட்டுகின்றன என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் 2 கிலோ, பின்னால் 1.8 கிலோ என்று இருக்கலாம். நாள் ஆக ஆக, பின்னால் உள்ள முள் இறங்கும். வித்தியாசம் அரைக் கிலோவைத் தொடும் வரை விடக் கூடாது. அதற்கு முன்பே கழுவிவிட வேண்டும்.

வித்தியாசமே இல்லாமல் இரண்டும் ஒன்றுபோலக் காட்டினால்? மகிழ்ச்சி அடைய வேண்டாம். வலை கிழிந்திருக்கலாம்! உடனே திறந்து பாருங்கள்.

வலை வடிகட்டியைக் கழுவ மிருதுவான பிரஷ் போதும். கம்பி பிரஷ் ஆகாது. தட்டு வடிகட்டியில் தட்டுகளைத் தளர்த்தி, பிரித்துக் கழுவ வேண்டும். மணல் வடிகட்டியில் வால்வை மாற்றினால், தண்ணீர் கீழிருந்து மேலே போகும். அழுக்கு வெளியே வரும். வெளிவரும் தண்ணீர் தெளிவாகும் வரை விட வேண்டும். ஹைட்ரோ சைக்ளோனின் அடித் தொட்டியைத் திறந்து மணலை வெளியேற்ற வேண்டும். தொட்டி நிரம்பிவிட்டால் மணல் மறுபடியும் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும்.

வடிகட்டியால் முடியாதது

கரைந்த உப்பை எந்த வடிகட்டியும் பிடிக்காது. உப்புப் போட்ட ரசத்தைத் துணியில் வடிகட்டினால் உப்புப் போய்விடுமா? அதைப் போலத்தான்.

சுண்ணாம்பு அடைத்த டிரிப்பருக்கு அமிலம் விடுகிறார்கள். பாசிக்கும் வழவழப்புக்கும் குளோரின் விடுகிறார்கள். இரண்டையும் வேளாண்மை அதிகாரியிடம் அளவு கேட்டுத்தான் செய்ய வேண்டும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. தெறித்துக் கண் போய்விடும். அமிலத்தையும் குளோரினையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. விஷ வாயு கிளம்பும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது.

இரும்புத் தண்ணீருக்கு ஒரு தொட்டி வேண்டும். தண்ணீரை உயரத்திலிருந்து அதில் விழவிட வேண்டும். காற்றுப் பட்டுத் துரு உண்டாகிப் படியும். பிறகு மணல் வடிகட்டியில் விட வேண்டும்.

களிமண்ணும் வடிகட்டியைத் தாண்டிப் போகும். அது குழாயின் கடைசியில் படியும். ஆகவே அவ்வப்போது குழாய்களின் கடைசி மூடியைத் திறந்து, கலங்கல் போகும் வரை தண்ணீரை ஓடவிட வேண்டும்.

டம்ளர் கணக்கு

எல்லாம் சரியாக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் உள்ள அளவு டம்ளர் போதும்.

மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர், 3 நிமிடத்தில் 200 மில்லி தர வேண்டும். குழாயின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று பிடித்துப் பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய சமமாக இருந்தால் நல்லது. கடைசியில் 180-க்கும் கீழே போனால் காரணம் தேட வேண்டும். பாதியாகக் குறைந்திருந்தால் அடைப்பு தொடங்கிவிட்டது.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இந்தக் கணக்கை ஆசையோடு செய்வார்கள். மாதம் ஒரு முறை அளந்து நோட்டில் எழுதி வந்தால், பயிர் வாடும் முன்பே அடைப்பு தெரிந்துவிடும்.

கேட்டு வாங்குங்கள்!

தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனத் திட்டத்தின்கீழ், சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் அரசு மானியம் தருகிறது. அரசு வகுத்துள்ள மதிப்புக்குள் இந்த மானியம் கிடைக்கும். 5 ஏக்கர் வரை நிலம் உள்ளவர் சிறு விவசாயி. இரண்டரை ஏக்கர் வரை உள்ளவர் குறு விவசாயி.

மானியத்தில் வருகிறது என்பதற்காக, கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. கம்பெனி ஆட்கள் அளக்க வரும்போதே கேட்க வேண்டும்.

எங்கள் தண்ணீரைப் பார்த்தீர்களா? அதற்கு இந்த வடிகட்டி போதுமா? எத்தனை மெஷ்? மணிக்கு எத்தனை கன மீட்டர்? அழுத்தமானி இரண்டு உண்டா? வலை கிழிந்தால் மாற்று வலை எங்கே கிடைக்கும்? ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா?

வலை வடிகட்டி, மணல் வடிகட்டி, ஹைட்ரோ சைக்ளோன் மூன்றுக்கும் இந்தியத் தர அளவுகள் தனித்தனியே உண்டு. முத்திரை பார்த்து வாங்குவது விவசாயியின் உரிமை.

கூடுதலாக ஒரு மணல் வடிகட்டி தேவை என்று தெரிந்தால், கையிலிருந்து கொஞ்சம் செலவானாலும் தயங்க வேண்டாம். ஏக்கர் முழுவதும் போட்ட குழாயையும், ஒரு வருஷப் பயிரையும் அது காப்பாற்றும்.

வாங்கிய பிறகு ஒருவர் பொறுப்பு ஏற்க வேண்டும். கழுவுகிற நாளை மோட்டார் கொட்டகைச் சுவரிலே எழுதி வைக்கலாம். கழுவாத வடிகட்டி எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் பயன்படாது. ஒரு முறை கழுவப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்குகிற வீட்டில், கடைசி வரிசை வாழையும் முதல் வரிசை வாழையைப் போலவே குலை தள்ளும்.